சாட்சி வைத்து வெறுத்தவர்

பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தின் பின்னால் உள்ள பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்து எழுதும் பயிற்சி. ஹேட் என்ற சொல்லுக்கு நேராகப் பலகையில் டிடெஸ்ட் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க?"

"டிடெஸ்ட்னா இன்னும் அதிகமா வெறுக்கிறது."

"எம்புட்டு அதிகமா மிஸ்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை உட்காரவைத்தேன். மாணவிகள் கேட்பதற்கு வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் எனக்கில்லை. அது மிஷன் பள்ளி. பழைய கட்டடம், பழைய நூலகம். அங்கே இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு ஆங்கில அகராதி உண்டு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அதைப் புரட்டினேன்.

டிடெஸ்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் டெஸ்டிஸ் என்றால் சாட்சி. அதிலிருந்து டெஸ்டாரி, சாட்சி சொல்வது. அதன் முன்னால் டீ என்ற முன்னொட்டு சேர்ந்து, கீழே இறக்குவது என்ற பொருள் வருகிறது. டிடெஸ்டாரி என்றால் கடவுளைச் சாட்சிக்கு அழைத்து ஒருவர் மேல் சாபத்தை இறக்குவது. வெறும் வெறுப்பு அல்ல. கடவுளை நிற்கவைத்து, அவர் காதில் விழும்படி வெறுப்பது. டெஸ்டிஸ் என்ற சொல்லே மூன்று, நிற்றல் என்ற இரண்டு பழைய வேர்களிலிருந்து வந்திருக்கலாம் என்றும் போட்டிருந்தது. இருவருக்கு நடுவில் மூன்றாவதாக நிற்பவன்தான் சாட்சி.

நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. அதே வரிகளை மறுபடி படித்தேன். அந்தச் சொல் செய்வதை நான் நேரில் பார்த்தவள். அப்படி வெறுக்கப்பட்டவள் நான்தான்.

என் ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, மலையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். நெல்லும் வாழையும் விளையும் பூமி. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். எனக்கு மிகவும் மூத்தவரான அண்ணன்தான் அதற்குப் பிறகு எல்லாம். கல்லூரிக்கு மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடையில் காத்திருப்பார். நான் மேலே படிக்க வேண்டும் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "அது படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்.

பி.எட். படிக்கும்போது என் கணவரைச் சந்தித்தேன். அந்தக் கல்லூரி அலுவலகத்தில் அப்போது அவர் கிளார்க். கிறிஸ்தவர். வேறு ஜாதி என்பதும் அதற்குள் அடங்கியிருந்தது. வீட்டில் சொன்னேன். அழுதேன். ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு அவருடைய சபையில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

கல்யாணம் முடிந்த மறு வாரம் அம்மாவைப் பார்க்க நான் மட்டும் ஊருக்குப் போனேன். அண்ணன் சத்தம் போடவில்லை. அடிக்கவும் இல்லை. "வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கண்மாய்க் கரையில் எங்கள் காவல் சாமி கருப்பு நிற்கும் இடத்துக்குப் போனார். எனக்குப் பின்னால் அண்ணன் மனைவி, என் மதினி, ஓடிவந்தாள். அண்ணன் தன் வலது உள்ளங்கையில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.

"கருப்பா, நீதான் சாட்சி. இவ என் கூடப் பொறந்தவ இல்ல. இவ மூஞ்சியில நான் இனி முழிச்சா, என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்."

கையை மூடிச் சூடத்தை அணைத்தார். தீய்ந்த வாடை வந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே வரப்பில் இறங்கிப் போய்விட்டார். மதினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "போயிருத்தா, போயிரு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லின் கதையைச் சொன்னேன். டெஸ்டமென்ட், ப்ரொடெஸ்ட், கண்டெஸ்ட் எல்லாம் அதே சாட்சியிலிருந்து பிறந்தவை என்றேன். என் கதையைச் சொல்லவில்லை. அவள் எழுந்து கேட்டாள்.

"அப்ப சாமியக் கூப்பிடாம வெறுத்தா அது வெறும் ஹேட். சாமியக் கூப்பிட்டு வெறுத்தா டிடெஸ்ட். அப்படித்தான மிஸ்?"

"இப்ப யாரும் அப்படிப் பிரிச்சுச் சொல்றதில்லை. பொறந்தப்போ அப்படித்தான்."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "டெஸ்டமென்ட்டும் அதே வேரா? அப்ப புராட்டஸ்டண்ட்?" என்றார்.

"அதுவும்தான்."

"சரியாப் போச்சு. நாங்க எல்லாரும் அந்தச் சொல்லுக்குப் பங்காளியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சூடத்தின் கதை அவருக்குத் தெரியும்.

சொல்லைப் பற்றி நினைக்க நினைக்க எனக்கு ஒன்று உறுத்தியது. தமிழில் வெறுப்பு என்று சொல்லும்போது அந்த ஓசையில் ஒரு வெறுமை இருக்கிறது. வெறுத்துவிட்டால் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. அது இருவருக்கு இடையில் நடப்பது. என்றாவது ஒருநாள் ஒருவர் மனம் மாறினால் தீர்ந்துபோகும். மூன்றாவதாக ஒருவரை நிற்கவைத்துவிட்டால், மனம் மாறினாலும் அவரிடம் போய் என்ன சொல்வது? அண்ணனுக்குக் கோபம் என்றோ ஆறியிருக்கலாம். ஆறினாலும் அவரால் என்னைப் பார்க்க முடியாது. இத்தனை வருஷமும் இது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே சிம்மக்கல்லில் அவரைப் பார்த்தேன்.

பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு பழம் வாங்கப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், என் பள்ளியிலேயே. கடை வாசலில் ஆரஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் முழங்கையை இடித்தாள்.

"அம்மா, அங்கிட்டு ஒரு ஆளு நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒன்னைய மாதிரியே மூக்கு."

ரோட்டின் அந்தப் பக்கம், நின்றிருந்த ஆட்டோக்களுக்குப் பின்னால் அண்ணன் நின்றார். வெள்ளை வேட்டி, மீசை நரைத்திருந்தது. கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி, இமைக்காமல் என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து கால் வரை, பிறகு மகளைத் தலையிலிருந்து கால் வரை. நடுவில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பஸ் நகர்ந்தபோது அவர் அங்கே இல்லை.

ஆரஞ்சை அப்படியே போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்து நடந்தேன். எந்தப் பஸ் என்று பார்க்காமல் ஏறினேன். "வலிக்குதும்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் அவள் மணிக்கட்டை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது.

என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று சாமியிடம் சொன்னவர் என்னை அப்படிப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். எங்களைப் போல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பேப்பரில் வரும் ஆணவக் கொலைச் செய்திகளை எப்படிப் படிப்பார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எத்தனை வருஷம் கழித்தும் யாராவது வந்து நிற்கலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே கலந்திருந்தது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, விளாங்குடியில் சொந்தமாக ஒரு சின்ன வீடும் கட்டிய பிறகு அது அடங்கியிருந்தது. போய்விடவில்லை.

"தற்செயலா வந்திருப்பாரு. வாழைத்தார் போட வந்திருப்பாரு" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கேட்டின் கொண்டியைச் சரிபார்த்தார்.

அடுத்த வாரம் எங்கள் தெரு முனைக்கே மறுபடியும் வந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக் கடை நிழலில் நின்றார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் தூக்கி வீடு வீடாகப் பார்த்தார். எங்கள் வீட்டின் மேல் பார்வை வந்து, தாண்டிப் போய், மறுபடி வந்தது. நான் ஈரப் போர்வைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். என் அண்ணனுக்குப் பயந்து என் வீட்டு மாடியில் ஒளிந்திருந்தேன். எழுந்து பார்த்தபோது அவர் திண்டுக்கல் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு லாரி பலமாக ஹார்ன் அடித்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மகளைத் தனியாக எங்கும் விடவில்லை. டியூஷனை நிறுத்தினேன். "ஏம்மா?" என்று கேட்டால் காய்ச்சல் பரவுகிறது என்றேன். என் கணவர் அலுவலகத்திலிருந்து அடிக்கடி போன் செய்தார், ஒன்றும் கேட்காமல், "என்ன பண்ற?" என்று மட்டும். போலீஸில் சொல்லலாமா என்று ஒருநாள் கேட்டார். என்னவென்று சொல்வது? என் கூடப் பிறந்தவர் என்னைப் பார்த்தார் என்றா?

ஒரு சனிக்கிழமை காலை கேட் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதினி. தனியாக, கையில் ஒரு ஒயர் கூடையோடு நின்றாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். கேட்டைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"வா மதினி" என்றேன்.

உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"உங்கண்ணனுக்குக் கண்ணு போயிக்கிட்டே இருக்குத்தா."

அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. விழித்திரையில் ரத்தம் கசிந்து இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட வேண்டும், ஆபரேஷனும் தேவைப்படும், தள்ளிப்போட்டால் முழுக்கப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் எழுந்து வந்துவிட்டார்.

"சாமி கேட்டுச்சு, சாமி எடுக்குது, இதுல டாக்டரு என்ன பண்ணுவான்னு சொல்றாரு. நாங்க அம்புட்டுப் பேரும் சொல்லியாச்சு. கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

"என்னைப் பார்த்தா தான மதினி கண்ணு போகணும்? அவருதான் பார்க்கவே இல்லையே."

மதினி மூக்கைச் சிந்தினாள். "அத்தை சாவுக்கு வந்து நீ தெருமுனையில நின்ன பாரு. அன்னைக்கிப் பாத்துட்டாராம். பாத்தது மட்டுமில்ல, உன்னையக் கூப்பிடணும்னு ரெண்டு எட்டு எடுத்து வச்சாராம். அதுக்கப்புறந்தான் சர்க்கர வந்துச்சு. எங்கிட்டச் சொல்லாம இம்புட்டு நாளா மனசுல வச்சே புழுங்கியிருக்காரு."

அம்மா இறந்தபோது என்னை வீட்டுக்குள் விடவில்லை. தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்று, தூக்கிப் போகும்போது பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்தபடி என்னைக் கடந்து போனதாகத்தான் என் நினைவு.

"அப்ப சிம்மக்கல்லுக்கு எதுக்கு வந்தாரு? எங்க தெருவுக்கு எதுக்கு வந்தாரு?"

"எப்படியும் போகப்போற கண்ணு, அதுக்கு முன்னாடி ஒரு தடவ அதையும் அது மகளையும் நல்லாப் பாத்துட்டு வாரேன்னுதான் கெளம்பிப் போனாரு. சிம்மக்கல்லுல பாத்தேன், முகம் சரியாத் தெரியலன்னு வந்து சொன்னாரு. அதான் மறுக்கா வந்தாரு."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவர் கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்கி நின்றது, லாரி ஹார்னுக்குத் திரும்பாமல் ரோட்டைக் கடந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு பயம் போய்விட்டது. அந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை நாட்கள் வீணாகியிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் அந்தக் கண்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு ஏறியிருக்கிறது. நான் கொண்டியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன்.

அன்று ராத்திரி மகளிடம் சூடத்தின் கதையைச் சொன்னேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகக் கணவரோடு ஆராதனைக்குப் போவேன். அன்று அவரே போக வேண்டாம் என்றார். "நாம மூணு பேரும் ஊருக்குப் போவோம். நான் பைக்கை ஓட்டணும்ல" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த ஊருக்குள் கால் வைத்ததே இல்லை. ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. கைகள் மட்டும் ஹாண்டில் பாரை இறுக்கிப் பிடித்திருந்தன.

அண்ணன் தோட்டத்து மோட்டார் அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு?"

"நாந்தாண்ணே."

வெளியே பம்புசெட்டுத் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ என்னைப் பார்க்க வேணாம்ணே. நான் உனக்குப் பின்னாடியே நிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வா."

"நான் சொன்ன வார்த்தை உன்னையச் சொன்னதில்ல தாயி. என்னையத்தான் சொல்லிக்கிட்டேன். அதுலருந்து என்னைய டாக்டரு விட முடியாது."

தாயி என்று அவர் என்னைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு விடணும்?"

"எவன் கேட்டானோ அவன்."

"அப்ப அவன்கிட்டயே போய்க் கேப்போம். பூப்போட்டுப் பாப்போம்ணே. விடறேன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்கு வரணும்."

ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி" என்றார்.

கருப்பு கோயில் பூசாரியை மதினி கண்மாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கள்ளமில்லாத ஒரு சின்னப் பிள்ளை எடுக்க வேண்டும். பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு என் மகளைக் கைகாட்டினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தள்ளி, கரையில் பைக் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, எடுக்கட்டும் என்று தலையசைத்தார்.

அண்ணன் சாமியைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனாள். பூசாரி சூடம் காட்டினார். அதே சூட வாடை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எது என்று கேட்பது போல இருந்தது. எனக்கும் தெரியாது. குனிந்து, வலது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு அரளி.

பூசாரி தரையைப் பார்த்தார். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு நிறம் தெரிந்திருக்காது. இரண்டும் அவருக்கு வெறும் மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

"என்ன பூ?" என்றார்.

வெள்ளை என்று சொல்லிவிடலாம். என் நாக்கில் அந்தச் சொல் இருந்தது. மதினி கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"செவப்பு மாமா."

அண்ணன் அசையாமல் நின்றார். இத்தோடு முடிந்தது, இனி இவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடியாது, இந்த யோசனையைச் சொன்னவளும் நான்தான் என்று நினைத்தேன்.

மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. கையில் பூவை வைத்துக்கொண்டு, "ரெண்டு கண்ணும் போகட்டும்னு சொன்னீங்கள்ல மாமா, ஒண்ணையாச்சும் விடச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். "எங்காத்தா மாதிரியே பேரம் பேசுது பாரு" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கையை எடு."

"வேணாம்ணே."

"எடு தாயி. சாமி சொல்லிருச்சு. போறதுன்னு ஆச்சு. இனி எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கணும்?"

கையை எடுத்தேன். அவர் கிட்டே வந்து, என் தாடையைப் பிடித்து, முகத்தை வெயில் பக்கம் திருப்பினார். அந்த வலது உள்ளங்கை என் கன்னத்தில் சொரசொரப்பாக இருந்தது. நெற்றி, மூக்கு, காதோரம் என்று தடவித் தடவிப் பார்த்தார்.

"நரைச்சிட்டயே" என்றார்.

நான் அவர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, பாத்துட்ட. சாமி எடுக்கிறத எடுத்துக்கட்டும். எடுக்காம விட்டதுக்காச்சும் டாக்டரைப் பாரு. இந்தப் பிள்ளை பாவம், இது எடுத்த பூவால தான்னு சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கும்."

அவர் மகள் நின்ற பக்கம் தலையைத் திருப்பினார். அவள் அழுதுகொண்டிருந்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கிக் கெளம்புவோம்" என்றார்.

திங்கட்கிழமை காலை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். வருவாரா மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு லேட் பண்ணுனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

வலது கண்ணில் ஊசியும் லேசரும். இடது கண்ணில் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இடது கண்ணைப் பொதிந்து கட்டியிருந்தார்கள். இன்னொன்றையும் மூடியபடி படுத்திருந்தார். என் கணவர் கட்டில் ஓரத்தில் நின்றார். அண்ணன் கையைக் காற்றில் நீட்டித் துழாவினார்.

"மாப்ள வந்திருக்காரா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. "இங்கதான் இருக்கேன் மச்சான்" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை அவரும் விடவில்லை, இவரும் விடவில்லை.

இடது கண் வரவில்லை. வலது கண்ணில் ஆள் அடையாளம் தெரிகிறது. பெரிய எழுத்துப் படிக்க முடிகிறது. மகள் கேட்டபடியே கருப்பு ஒரு கண்ணை விட்டுக்கொடுத்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவளைப் பார்க்க இரண்டு பேர் வந்தும் போனார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. முன்பே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. மகளும் நம்பவில்லை. "நான் இடது பக்கப் பொட்டலத்தை எடுத்திருந்தா?" என்று இன்னமும் அவ்வப்போது கேட்கிறாள். எடுத்தது நீ, சொன்னது உண்மை, அவ்வளவுதான் என்பேன்.

மாதம் ஒரு தடவை ஊசி. மதினிக்கு முட்டி வலி என்பதால் நான்தான் கூட்டிப்போகிறேன். அதற்கு முந்தின நாளிலிருந்தே எனக்குப் பயம் ஆரம்பித்துவிடும். மறுபடியும் ரத்தம் கசிந்தால் என்ன செய்வது, அந்த ஒன்றும் போய்விட்டால் என்ன செய்வது? போனில் மதினியின் பெயர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அண்ணனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரி டீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம், "இது என் தங்கச்சி, இங்கிலீஸ் டீச்சரு" என்று கேட்காமலே சொல்கிறார்.

போன வாரமும் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிவதற்காகக் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். கூட்டம் நெருக்கியது. நர்ஸ் எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது நான் மருந்துச் சீட்டைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் எழுந்து, ஒற்றைக் கண்ணையும் மூடியபடியே, வேறொரு கதவை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அங்கிட்டு இல்ல. இங்கிட்டு" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.